நாலு மணி வெல்லம்

வேங்கிக்கால் போகிற ரோட்டில் எங்களுக்குப் பேட்டரி கடை இருந்தது. முன்னால் கடை, பின்னால் நாங்கள் குடியிருந்த இரண்டு அறை. கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து டிராக்டர், வேன் எல்லாவற்றின் செத்த பேட்டரியும் எங்களிடம் வரும். என் வீட்டுக்காரர் அதைப் பிளந்து, உள்ளே இருக்கிற ஈயத் தகட்டை இரும்புச் சட்டியில் போட்டு உருக்குவார், வீட்டை ஒட்டின கொல்லையில்தான். தொண்ணூறுகளின் நடுவில் அதை யாரும் ஒரு விஷயமாகவே பேசியதில்லை.

பேச என்ன இருந்தது? தூசுக்குத்தான் வெல்லம் இருந்ததே! சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு துண்டு வெல்லம் தின்றால் நெஞ்சில் படிந்ததெல்லாம் இறங்கிவிடும் என்று எங்களுக்குத் தெரிந்த பேட்டரிக்காரர்கள் அத்தனை பேரும் நம்பினார்கள். நானும்தான். ஒரு நாள் மறந்தால் நானே சத்தம் போடுவேன். அவர் கருப்பு அப்பின கையாலேயே உடைத்துத் தின்பார். பாதியை எங்கள் பாப்பாவுக்கு ஊட்டுவார். பெண் என்றால் அவருக்கு உசிரு. "கொழந்தைக்கும் தூசு பட்டிருக்கும் இல்ல, எறங்கட்டும்" என்பார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன், மகராசி.

பாப்பா ஒன்றரை வயதிலேயே வாய் ஓயாமல் பேசியவள். மூன்று வயது நெருங்கும்போது பேச்சு கம்மியாகிவிட்டது. தெரிந்த வார்த்தைகளையே மறந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுவாள். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். அடம் என்று நினைத்து முதுகில் ரெண்டு வைத்திருக்கிறேன். சுத்திப் போட்டோம், மந்திரித்துக் கயிறு கட்டினோம். ஒன்றும் கேட்கவில்லை.

வேலூரில் ஒரு டாக்டரம்மா முதலில் எங்கள் தொழிலைத்தான் கேட்டார். பிறகு ரத்தம் எடுத்தார். அதில் ஈயம் ஜாஸ்தியாக இருந்தது.

"ஒடம்பு அத சுண்ணாம்புச் சத்துன்னு நெனச்சு உள்ள விட்டுடும்மா. எலும்புல தங்கும், மூளைக்கும் போயிடும். பெரியவங்களுக்கே நரம்பு தளர்ந்து கை தொங்கிப்போகும். இது வளர்ற மூளை."

"தெனம் வெல்லம் குடுக்கறோங்களே" என்றார் வீட்டுக்காரர், மார்க் வாங்கப் போகிறவர் மாதிரி.

"யார் குடுக்கறது? எந்தக் கையால?"

அவர் தன் கையைப் பார்த்தார். எனக்கு அவர்மேல் வந்த கோபத்தைவிட என்மேல் வந்ததுதான் அதிகம்.

மருந்தில் ரத்தத்தில் இருந்தது குறைந்தது. மூளையில் கெட்டது திரும்பாது என்று அப்போதே சொல்லியிருந்தார்கள், அப்படியே ஆச்சு. கடையை விட்டுவிட்டு ஊருக்குள் வாடகைக்கு வந்தோம். அவர் ஆட்டோ ஓட்டினார். சின்னவள் அந்த வீட்டில் பிறந்தாள்.

பெரியவளுக்குப் பன்னிரண்டு வயதானபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூணாவது படிக்கிற சின்னவள் அக்காவின் தமிழ்ப் புத்தகத்தை எடுத்து ஒரு பக்கத்தைக் கடகடவென்று வாசித்தாள். அதே பக்கத்தோடு பெரியவள் ஒரு மாதமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பொறாமைப்படவும் தெரியாது அவளுக்கு. கை தட்டினாள். வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"அம்மா, நானும் சின்னதா இருந்தப்ப இப்டி கெட்டிக்காரியா இருந்தனா?"

"இருந்தடி" என்றேன். அது நிஜம்.