எலுமிச்சம்பழம் கட்டினார், நான் ஃப்ரீவே ஏறினேன்

லைசென்ஸ் வாங்கி எட்டு மாசமாச்சு. "எல்லாரும் பறக்கற ஃப்ரீவே மட்டும் வேண்டாம்"னு என் வீட்டுக்காரர் ஒரே பிடிவாதம்.

இன்னிக்கு படுக்கை, அடுப்போட வர்ற வாடகை மோட்டார் ஹோம்ல நாங்க ரெண்டு பேரும் பொண்ணுமா டூர் முடிச்சு சான் ஹோசே திரும்பிட்டிருந்தோம். பின்னாடி ஒரு இரும்பு பார்ல மாட்டி எங்க காரையும் இழுத்துட்டு வந்தோம்.

கில்ராய்ல பெட்ரோல் போட நிறுத்தினா, பாரைப் பிடிச்சிருந்த ஆணி பாதி வெளிய வந்து, பாரே கோணிக் கிடக்கு.

"வாடகைக்கு விட்டவன் ஏமாத்திட்டான்!"னு குதிச்சார்.

நான் குனிஞ்சு பார்த்தேன். ஆணி கழலாம இருக்க கிளிப் மாட்டற ஓட்டையில, கிளம்பறப்போ இவர் திருஷ்டிக்குக் கட்டின எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்குது.

"கிளிப் எங்க?"

சட்டைப் பையிலேர்ந்து எடுத்தார்.

வண்டியை இழுத்துட்டுப் போற டோ ட்ரக் வர மூணு மணி நேரமாம். "காரை அவிழ்த்து விடுங்க, நான் ஓட்டிட்டு வரேன்"னேன். வேற வழியில்லாம அவிழ்த்தார்.

"ஐ'ம் கோயிங் வித் அம்மா"ன்னு பொண்ணு என் பக்கத்துல ஏறிட்டா.

முதல் ரெண்டு மைல் ஃப்ரீவேல ஓர லேன்லயே போனேன். அப்புறம் லேன் மாத்தினேன். கண்ணாடியில மோட்டார் ஹோம் சின்னதாகிட்டே போச்சு.

வீட்ல ரசம் கொதிச்சப்புறம்தான் அவர் வந்து சேர்ந்தார்.

சனிக்கிழமை ஃப்ரீவேலயே பிளசன்டன் போறேன். யாருக்கு ரைட் வேணும்? முன் சீட் பொண்ணுக்கு. பின் சீட்ல ஒரு இடம் என் வீட்டுக்காரர் இப்பவே கேட்டு வெச்சிருக்கார்.