ஐந்தாவது ராய்மெய்

தன் கல்யாணத்தன்று மழை பெய்ததா இல்லையா என்று கேட்டால் மினேகிஷி யசுவோ விழிப்பார். முதல் ராய்மெய் காரின் எடை எவ்வளவு என்று கேட்டால் ஆயிரத்து அறுபது கிலோ என்று சட்டென்று சொல்வார். ஜப்பானின் தொச்சிகியில், கார்க் கம்பெனியின் சோதனை ஓட்டப்பாதையில் இருபத்து நாலு வயதில் அதை ஓட்டத் தொடங்கியவர், ஐம்பது தாண்டியும் அதே பாதையில் அதே பெயர் கொண்ட காரைத்தான் ஓட்டினார். பெயர் மட்டும்தான் அதே பெயர்.

முதல் ராய்மெய் பார்க்கச் சகிக்காது. நாலு கதவு வைத்த தகரப்பெட்டி. ஆனால் வளைவில் திருப்பும்போது சாலையில் கிடக்கும் பொடிக்கல்கூட உள்ளங்கைக்குத் தெரியும். இரண்டாவது, நாடே பணத்தில் மிதந்த காலத்தில் டர்போவும் தோல் இருக்கையுமாக வந்தது. மூன்றாவது வந்த சமயத்தில், இருநூற்றெண்பது குதிரைச் சக்திக்கு மேல் விளம்பரம் செய்வதில்லை என்று கார்க் கம்பெனிகள் தங்களுக்குள் பேசி வைத்திருந்தன. சோதனைக்கூடத்தில் முள் முந்நூற்றுப் பத்தைத் தாண்டியது. விளக்கப் புத்தகத்தில் இருநூற்றெண்பது என்றே அச்சானது. எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. மினேகிஷிக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

நாலாவது ராய்மெய் வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்காக அகலமாகி, ஆயிரத்தைந்நூறு கிலோவைத் தாண்டிவிட்டது. ஸ்டீயரிங்கைத் திருப்ப மோட்டார் வந்தது. கைக்கு ஒன்றும் தெரியவில்லை என்று அறிக்கையில் ஒரே ஒரு வரி எழுதினார். அவ்வளவுதான் எழுதுவார். படிக்கிறவர்களுக்கு மீதி புரியும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. எந்த ஊர் நம்பிக்கையோ!

ஐந்தாவதைக் கொண்டுவந்து நிறுத்தியவர் தாதோகோரோ. ஒரு காலத்தில் மினேகிஷியின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, மூன்றாவது வளைவில் தன் தொப்பிக்குள்ளேயே வாந்தி எடுத்தவர். இப்போது மேம்பாட்டுப் பிரிவின் தலைவர். வண்டியின் அடியைக் குனிந்து பார்த்ததுமே மினேகிஷிக்குத் தெரிந்துவிட்டது. கடைக்குப் போய்க் காய்கறி வாங்கி வரும் குடும்பக் காரின் அடிச்சட்டம் அது. பின்சக்கரம் தள்ளிய வண்டியை முன்சக்கரம் இழுக்கும்படி மாற்றி, மேலே ராய்மெய் என்று பெயர்ப் பட்டையை ஒட்டியிருந்தார்கள். மூன்று சுற்று ஓட்டிவிட்டு இறங்கினார்.

"எப்படி இருக்கு, மினேகிஷி-சான்?" தலைவரான பிறகும் தாதோகோரோ மரியாதைக்குச் சேர்க்கும் அந்தச் 'சானை' விடவில்லை.

"கதவு நல்லாச் சாத்திக்குது."

"கிண்டல் பண்ணாதீங்க. வண்டி மோசமில்லையே?"

"வண்டி மோசமில்ல."

"பேருதான் உறுத்துது, இல்ல?" தாதோகோரோ குரலைத் தாழ்த்தினார். "மேல எல்லார்கிட்டயும் பேசி முடிச்சாச்சு. உங்க முத்திரை ஒண்ணுதான் பாக்கி. நிஜமாத்தான் கேக்கறேன். இது ராய்மெய் இல்லன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, பேர எடுத்துடறேன். அந்த அளவுக்கு இன்னும் என்னால முடியும்."

முப்பது வருடத்தில் யாரும் அவரிடம் இப்படி நேராகக் கேட்டதில்லை. மினேகிஷி கையுறையைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். பேரை எடுத்தால் தாதோகோரோ மேலே போய் எத்தனை பேரிடம் தலைகுனிய வேண்டும் என்று எண்ணினார்.

"யோசிக்கிறேன்," என்றார்.

யோசித்தது இதைத்தான். கம்பெனியில் எந்தக் காகிதமானாலும் கீழே வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். ஒவ்வொருவரும் தன் பெயர் பொறித்த சிறு முத்திரையைக் கட்டத்தில் குத்த வேண்டும். மேலதிகாரியின் கட்டம் இடது ஓரம். அவருக்குக் கீழே உள்ளவர்கள் முத்திரையை இடப்பக்கமாக லேசாகச் சாய்த்துக் குத்துவார்கள், பெயரே குனிந்து வணங்குவது போல. மனம் ஒப்பாமல் சம்மதிக்கிறவன் தலைகீழாகக் குத்துவான். பழைய ஆட்களுக்கு அது புரியும். அன்று மினேகிஷி ஐந்தாவது ராய்மெய்யின் ஒப்புதல் காகிதத்தில் சிவப்பு மையில் நன்றாக அழுத்தித் தலைகீழாகக் குத்தினார். பெரிய வீரச்செயல் செய்துவிட்டதாகத்தான் நினைத்தார், பாவம்.

இரண்டு நாள் கழித்து நிர்வாகப் பிரிவிலிருந்து ஓரிஹாரா என்ற பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"மினேகிஷி-சான், உங்க முத்திரை தலைகீழா விழுந்திருந்துச்சு. இந்த மாசத்துலேர்ந்து எல்லாம் கம்ப்யூட்டர்லதானே, நானே சரி பண்ணிப் போட்டுட்டேன். அது தானாவே கொஞ்சம் சாய்ச்சும் கொடுக்குது, பாருங்களேன், ரொம்ப வசதி!"

அப்போதும் ஒன்றும் கெட்டுப் போகவில்லை. இல்லையம்மா, நான் வேண்டுமென்றேதான் குத்தினேன் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பெண் சங்கடப்படுவாளே என்று நினைத்தார் இந்த மனிதர். தொலைபேசியைப் பிடித்தபடியே தலைகுனிந்து, "சிரமம் கொடுத்துட்டேன், மன்னிக்கணும்," என்றார்.

வசந்தத்தில் கார் வெளிவந்தது. ஐந்து தலைமுறையையும் ஓட்டியவர் ஒப்புக்கொண்ட கார் என்று அவர் படத்தையும் போட்டு விளம்பரம் செய்தார்கள். வாங்கியவர்கள் ஏமாந்தார்கள், பத்திரிகைகள் கழுவி ஊற்றின. மூன்றாம் வருடம் உற்பத்தியை நிறுத்தினார்கள். ராய்மெய் என்ற பெயரும் அத்தோடு செத்தது.

ஓய்வு பெற்ற வருடம், இலையுதிர்காலத்தில், பழைய ராய்மெய் வைத்திருப்பவர்கள் கூடும் ஏரிக்கரை வாகன நிறுத்தத்துக்கு மினேகிஷி பேருந்தில் போனார். நூடுல்ஸ் கடைக்காரர் ஹஷிஸுமே முதல் ராய்மெய்யை இன்னும் ஓட்டுகிறார் என்று கேள்விப்பட்டிருந்தார். ஒரே ஒரு சுற்று ஓட்டத் தருவாரா என்று கேட்கத்தான் அவ்வளவு தூரம் வந்தது.

ஹஷிஸுமேவுக்கு எழுபது வயது. துணியால் காரைத் துடைத்துக்கொண்டிருந்தவர், ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்க மூஞ்சிய எங்கயோ பாத்திருக்கேன். ஆ, விளம்பரத்துல! அஞ்சாவதுக்குச் சரின்னு தலையாட்டுனது நீங்கதானே?"

மினேகிஷி வாழ்க்கையில் முதல்முறையாக அதைச் சொன்னார். தலைகீழாகக் குத்தியது, அந்தப் பெண் திருத்தியது, எல்லாவற்றையும் சொன்னார். ஹஷிஸுமே சிரிக்கவில்லை.

"உங்க தலைவர் யாரும் உங்ககிட்ட நேர்ல கேக்கவே இல்லையா?"

"கேட்டார். ஒரு வார்த்தை சொல்லுங்க, பேர எடுத்துடறேன்னார்."

"நீங்க?"

"யோசிக்கிறேன்னேன்."

ஹஷிஸுமே துணியை உதறி மடித்தார். "அப்ப அந்தப் பேர அதுமேல ஒட்டுனது நீங்கதான்," என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுக் காரின் மறுபக்கத்தைத் துடைக்கப் போனார்.

மினேகிஷி முன்கதவருகே போனார். ஓட்டுநர் பக்கக் கண்ணாடி இறங்கியிருந்தது. கையை நீட்டினால் ஸ்டீயரிங்கைத் தொடலாம். பேருந்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. ஒரு சுற்று ஓட்டத் தருவீர்களா என்று அவர் கேட்கவில்லை.