ஆளில்லாத இலை

1. வறுத்த அரிசி

பிரெஞ்சு பேசும் இந்தக் குளிர் ஊரில், செயின்ட்-மிஷேல் பகுதியில் இருந்த ஒரு உணவகத்துக்கு நான் வேலைக்குப் போன முதல் நாள், முதலாளி என் கையில் கத்தியைத் தரவில்லை. ஒரு இரும்புச் சட்டியையும் ஒரு கிண்ணம் பச்சரிசியையும் தந்து, வறுக்கச் சொன்னார்.

அவர் பெயர் ஒடெத். கரீபியன் கடலில் இருக்கும் குவாதலூப் தீவில் பிறந்த பெண்மணி. சிரித்தால் சாப்பாட்டு அறை வரைக்கும் கேட்கும். கோபம் வந்தால் தெரு வரைக்கும். நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் பிரெஞ்சில். என் பிரெஞ்சு உங்களுக்கு வேண்டாம், எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன்.

வறுத்த அரிசியோடு மல்லி, சீரகம், வெந்தயம், மிளகு, கடுகு, மஞ்சள் எல்லாம் சேர்த்து அரைத்தோம். வாசம் எழும்பியதும் என் கை நின்றுவிட்டது. நான் திருகோணமலைக்காரி. எங்கள் வீட்டுக் கறித்தூளிலும் ஒரு பிடி வறுத்த அரிசி விழும்.

"இது என்ன தூள், மதாம்?"

"கொலம்போ. எங்கட தீவுத் தூள்."

"கொழும்பு எங்கட நாட்டிலயல்லோ இருக்கு?"

"ஊர் உங்களிட்ட இருக்கட்டும். தூள் எங்கடதான்."

வாய்க்கு வாய் பேசுகிற ஆள் என்று அன்றே தெரிந்துகொண்டேன். எனக்கும் அப்படிப்பட்டவர்களோடுதான் ஒத்துப்போகும்.

அந்தத் தீவின் சமையல் எப்படி உண்டானது என்பதை அவர் காய் நறுக்கி ஆயத்தம் செய்யும் நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். உப்புக் கருவாடு வெள்ளைக்காரர் கப்பலில் வந்தது. வெண்டிக்காய், அடிமைகளாகப் பிடித்து வரப்பட்ட ஆப்பிரிக்கர்களோடு வந்தது. மரவள்ளி, அதற்கெல்லாம் முன்பே அங்கே இருந்தவர்களுடையது. அடிமை முறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டத்துக்கு ஆள் போதாமல் தமிழர்களைக் கப்பல் கப்பலாக ஏற்றிப் போனார்களாம். இந்தத் தூள் அவர்களுடையது. ஒடெத்தின் தாய்வழியில் அப்படி வந்த ஒரு பெண் உண்டு. அவள் பெயர்கூட வீட்டில் யாருக்கும் தெரியாது.

2. கரண்டிகளைக் காணவில்லை

ருசி பார்க்காமல் ஒரு தட்டும் வெளியே போகக் கூடாது என்பது அந்தக் கிச்சனின் சட்டம். அடுப்புக்குப் பக்கத்தில் ருசி பார்க்கும் கரண்டிகள் எப்போதும் தண்ணீரில் நிற்கும். நவம்பர் தொடக்கத்தில் ஒரு திங்கட்கிழமை, கடை பூட்டு. ஆனாலும் ஒடெத் என்னைச் சமைக்க வரச் சொல்லியிருந்தார். போய்ப் பார்த்தால் ஒரு கரண்டியும் இல்லை.

"இண்டைக்கு ஒருத்தரும் நாக்கில வைக்கக் கூடாது," என்றார். "அவைதான் முதல்ல சாப்பிடோணும்."

"ஆர் மதாம்?"

"செத்துப்போன ஆக்கள்."

படையல் சமைக்கும்போது எங்கள் வீட்டிலும் உப்புப் பார்க்க மாட்டோம். இவரோ கழுத்தில் சிலுவை போட்டு, ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர். ஏன் ருசி பார்க்கக் கூடாது என்று கேட்டேன். "அம்மா பார்க்க மாட்டா. அவவின்ர அம்மாவும் பார்க்க மாட்டா," என்றார். அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை.

அன்று காலையில்தான் என் மகள் பக்கத்து ஊரான லவாலில் இருந்து போன் எடுத்திருந்தாள். "அம்மா, அப்பாவுக்கு இந்த வருசமாவது ஒரு படையல் வைப்பம். படத்துக்கு மாலை போடுவம்." நான் போனை வைத்துவிட்டேன். யுத்த நாட்களில் ஊரில் என் மனிசனை விசாரணைக்கு என்று கூட்டிப் போனார்கள், திரும்பி வரவில்லை. உயிரோடு இல்லை என்று சொன்னவர்களும் இல்லை, உடலைக் காட்டியவர்களும் இல்லை. நான் பொட்டு வைக்கிறேன், தாலி போட்டிருக்கிறேன். இலை போட்டுப் படைத்தால் அவரை நானே கொன்ற மாதிரி ஆகிவிடும் என்று எனக்குப் பயம். அன்றும் அந்தப் பயத்தோடுதான் ஆட்டிறைச்சியைப் பிரட்டிக்கொண்டிருந்தேன்.

3. ஐந்தாவது

ஃப்ரீசரில் இருந்த வாழையிலையை எடுத்துத் துடைத்து, ஸ்டீல் மேசையில் விரித்தார். நுனி இடப்பக்கம். யாரும் சொல்லிக் கொடுக்காமலே சரியாகப் போட்டார். அவருடைய குடும்பத்தில் இறந்த நால்வருக்கு நாலு இலை. பிறகு தள்ளி, ஐந்தாவதாக இன்னொன்று.

"இது ஆருக்கு?"

"என்ன ஆனவை எண்டு தெரியாத ஆக்களுக்கு. கப்பல் ஏறினவை எல்லாரும் கரை இறங்கேல்லைத்தானே? செத்தாரோ இருக்கிறாரோ தெரியாத ஆளும் பசியோட வரலாம் எண்டு அம்மா சொல்லுவா. நீ அதுக்குப் பரிமாறு."

என் கை தானாகத் தாலிக்குப் போனது. சோறு, கொலம்போத் தூள் போட்ட ஆட்டுக்கறி, மரவள்ளி எல்லாம் வைத்தேன். பிறகு என்ன நினைத்தேனோ, பானையின் அடியைச் சுரண்டி அடிச்சோறும் கொஞ்சம் வைத்தேன். படையலில் யாரும் அடிச்சோறு வைப்பதில்லை. ஆனால் என் மனிசன் அதற்காக என்னோடு சண்டை பிடிக்கிற ஆள்.

அடுப்புக்கு மேலே புகை இழுக்கும் ஃபேனை நிறுத்தி, கிச்சன் கதவைச் சாத்திவிட்டு, முன்னால் சாப்பாட்டு அறையில் இருந்தோம். பின்கதவு உள்பக்கம் பூட்டியிருந்தது. வெளியே பொழுதுபட்டு, பனி தூறத் தொடங்கியது. உள்ளே ஸ்டூல் ஒன்று தரையில் இழுபட்ட மாதிரி ஒரு சத்தம் கேட்டது. நான் ஒடெத்தைப் பார்த்தேன். அவர் சிலுவையைப் பிடித்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து மூன்று தரம் கை தட்டிவிட்டுக் கதவைத் திறந்தார். எங்கள் வீட்டிலும் தட்டித்தான் திறப்போம்.

நாலு இலையும் வைத்தபடியே இருந்தன. ஐந்தாவது இலை மடிந்து கிடந்தது.

"ஃப்ரீசர் இலை, சூடு பட்டால் சுருளும்," என்றார் ஒடெத். சுருண்ட இலையை நானும் எத்தனையோ பார்த்திருக்கிறேன். இது நடுவில் நேராக மடிந்திருந்தது. மற்ற நாலும் அதே பாக்கெட்டில் வந்த இலைகள்தான்.

"உங்கட ஊரில இப்பிடி மடிச்சால் என்ன அர்த்தம்?"

"செத்த வீட்டில சாப்பிட்டால் அங்கால, எதிர்ப்பக்கமா மடிப்பினம்," என்றேன். "இது இஞ்சால, சாப்பிட்ட ஆளின்ர பக்கமா மடிஞ்சு கிடக்கு. நல்ல வீட்டில, வயிறு நிறையச் சாப்பிட்டிட்டு எழும்பின ஆள் மடிக்கிற மாதிரி."

இலையை விரித்துப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. ஒடெத்தும் தொடவில்லை. அப்படியே எடுத்துத் துணியில் சுற்றிப் பின் முற்றத்து மரத்தடியில் வைத்தோம்.

இப்போது நான் ஓய்வு பெற்றுவிட்டேன். புதிதாகக் கிச்சனுக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் தொழில் கேட்டால் இரண்டு விஷயம் சொல்வேன். எந்தத் தீவுச் சாப்பாட்டிலும் பெயர் தெரியாமல் போன ஒருவரின் கை இருக்கும், அதை மதிக்கப் பழகுங்கள். எத்தனை பேருக்குச் சமைத்தாலும் ஒரு இலை கூடுதலாகப் போடுங்கள்.

அந்தத் திங்கட்கிழமை இரவு வீட்டுக்குப் போனதும் மகளைப் போனில் கூப்பிட்டேன்.

"மாலை வேண்டாம், படமும் வேண்டாம். ஒரு இலை மட்டும் போடு. அடிச்சோறு வை."

அவள் அழத் தொடங்கினாள். "அப்ப அப்பா செத்திட்டார் எண்டு சொல்லுறியளோ, அம்மா?"

"இல்லை," என்றேன். "சாப்பிட்டிட்டார் எண்டு சொல்லுறன்."