ஸ்டேஷன் மாஸ்டருக்குப் பதிலாகப் பேசியது

பிரிக்ஃபீல்ட்ஸில் என் வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய கணினி இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கிறது. முனகல் என்னைவிடக் குறைவு. அதில் ஓர் அறிவிப்புப் பலகை நடத்துகிறேன். பழைய கணினி வைத்திருப்பவர்கள் தங்கள் வீட்டிலிருந்தே தொலைபேசி லைன் வழியாக அதனுடன் இணைந்து சேதி எழுதுவார்கள், படமே இல்லாத, எழுத்தால் மட்டும் ஆடும் விளையாட்டு ஒன்றை ஆடுவார்கள். ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் இடம்.

விளையாட்டை எழுதியவன் நான். ஒரு ரயில் நிலையம், பூட்டிய கேட், அதைத் திறக்க மறுக்கும் ஸ்டேஷன் மாஸ்டர். அவருக்குத் தெரிந்தவை பதினெட்டு வாக்கியங்கள். மற்ற எதற்கும் "விளங்கவில்லை" என்பார்.

கிள்ளானில் இருக்கும் நண்பர் ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தினமும் காலையில் பலகைக்கு முதல் ஆளாக வருவார். ரயில்வேக்காரராலேயே அந்தக் கேட்டைத் திறக்க முடியவில்லை என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

பலகை நடத்துபவனுக்கு ஒரு வசதி உண்டு. வந்திருப்பவர் தட்டுவதெல்லாம், தட்டி அழிப்பது உட்பட, என் திரையில் தெரியும். ஒரு விசையை அழுத்தினால் விளையாட்டை ஓரங்கட்டிவிட்டு நானே பதில் எழுதலாம். ஒருநாள் அவர், "நானும் ரயில்வேதான் ஐயா, பாத்து விடுங்க" என்று கெஞ்சினார். என் கை சும்மா இருக்கவில்லை.

"எந்த செக்‌ஷன்?" என்று கேட்டார் ஸ்டேஷன் மாஸ்டர்.

அன்றிலிருந்து இருவரும் தினமும் பேசினார்கள். மனைவி இறந்துபோன பிறகு சமைக்கக் கற்றுக்கொள்வதை அவர் ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொன்னார். என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். "சாம்பாருக்குப் புளி பத்தாது" என்று எழுதினேன்.

ஒருநாள் போன் செய்தார். "யோவ், என்னய்யா எழுதி வச்சிருக்க! ஒரு மனுசனையே உள்ள அடைச்சிட்டியே!"

பாராட்டை வாங்கிக்கொண்டேன்.

பெட்டாலிங் ஜெயாவில் பழைய கணினிக்காரர்களின் சந்திப்பு ஒன்று நடந்தது. அவர் எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, என் வீட்டுக் கணினியுடன் இணைந்தார். "பாருங்க, இது பேசும்." நான் அவர் பக்கத்தில் நின்றேன். வீட்டில் விசைப்பலகை முன்னால் யாரும் இல்லை.

வணக்கம் சொன்னார். விளங்கவில்லை. புளியைப் பற்றிச் சொன்னார். விளங்கவில்லை.

"அங்கிள், இதுக்கு என் ரைஸ் குக்கரே தேவல லா" என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள்.

அவர் என்னைப் பார்த்தார். "வீட்டுல பேசுச்சே. சொல்லுய்யா."

"லைன் சரியில்ல போல" என்றேன்.

அதன்பின் மூன்று வாரம் அவர் பலகைப் பக்கம் வரவில்லை. நான் ரயிலேறிக் கிள்ளானுக்குப் போனேன். அவர் வீட்டு வாசலில் நின்றபடியே சொன்னேன், "அது நான்தான்யா."

"புளி?"

"அதுவும் நான்தான்."

"சொல்லித் தொலைஞ்சிருக்கலாம்ல? அவனுங்க சிரிச்சப்ப உன் வாய் எங்க போச்சு?"

"மன்னிச்சிடுய்யா" என்றேன்.

"எங்கிட்ட சொல்லி என்ன? சிரிச்சவனுங்ககிட்ட போய்ச் சொல்லு."

அடுத்த சந்திப்பில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். இந்த முறை என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் கடைசி வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

"பின்னால ஒன்னும் கேக்கல பாஸ். சத்தமா லா" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

முதலிலிருந்து தொடங்கினேன்.