ஈரத்துக்குக் கழித்த எடை

போன வாரம் இங்கே அயர்லாந்தில், கிளினிக்கில் என்னை எடை பார்த்தார்கள். நர்ஸ் ஒரு எண் சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை.

காரணம் உண்டு.

என் மனைவி ஷீபாவும் நர்ஸ்தான். அவளுக்கு இங்கே வேலை கிடைத்தது. வெள்ளறடையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த நானும், நாலு வயது மகள் அனுவும் கூடவே கிளம்பினோம்.

ஊரில் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள் — பெட்டி எடை கூடினால் ஏற்ற மாட்டார்கள். வீட்டில் ஏது தராசு? தங்கப்பன் அண்ணன் கடைக்குத் தூக்கிப் போனேன். பாலை உறைய வைத்துக் காயப்போட்ட ரப்பர் ஷீட்டை எங்களிடம் வாங்குகிற கடை.

அண்ணன் பெட்டிகளைத் தராசில் ஏற்றினார். கண்ணைச் சுருக்கினார். எடை சொன்னார். இன்னும் இடம் உண்டு!

"கரெக்ட் வெயிட்டாக்கும் மக்கா. தைரியமா போ."

இடம் இருந்தால் யார் விடுவார்கள்? குக்கர் ஏறியது. மாமியார் கொடுத்த மரச்சீனிக்கிழங்கு வத்தல் ஏறியது. மறுபடி நிறுத்தார். அப்போதும் சரி.

அண்ணனே தன் ஜீப்பில் ஏர்போர்ட்டில் கொண்டு விட்டார். உள்ளே போய்ப் பெட்டியை வைத்தால்... அத்தனையும் கூடுதல்.

"சேட்டா, வேகம். கவுண்டர் அடைக்கும்" என்றாள் கவுண்டரில் இருந்த மலையாளப் பெண்.

ஷீபா பழைய வேலையை விட்டாகிவிட்டது. இந்த விமானத்தை விட்டால் புதியதும் இல்லை. வெளியே நின்ற அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணா, இங்க கூடுதலா காட்டுது."



"எலே... நான் ஈரத்துக்குக் கழிச்சுல்லா சொன்னேன்."

"பெட்டியில ஏது அண்ணா ஈரம்?"

"கை பழகிப்போச்சு மக்கா. ஏன், அவனுவ கழிக்க மாட்டானுவளா?"

ரப்பர் ஷீட் முழுசாகக் காயாது. அதனால் ஈரத்துக்கு என்று கொஞ்சம் கழித்துத்தான் கடையில் எடை சொல்வார்கள். யாரும் கேள்வி கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை.

கவுண்டரில் கேட்டுப் பார்த்தேன் — ஈரத்துக்குக் கொஞ்சம் கழிக்கலாமா? அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். பிறகு ஷீபாவைப் பார்த்தாள். இரக்கம் ஷீபாவுக்குத்தான்.

"சட்டையைப் போடுங்க" என்றாள் ஷீபா, பெட்டியைத் திறந்து.

"போட்டிருக்கேனே."

"மேல போடுங்க!"

சட்டைக்கு மேல் சட்டை போட்டேன். கை மடங்கவில்லை. ஷீபா சுரிதார் மேல் சுரிதார், அதன்மேல் கோட்டு. அனுவுக்கு அவளுடைய பாவாடை எல்லாம். பலாப்பழம் போல நின்று, "அப்பா, மூத்திரம்" என்றாள்.

அப்போதும் கொஞ்சம் கூடுதல். ஷீபா மரச்சீனி வத்தல் பையை எடுத்தாள். அவள் அம்மா முற்றத்தில் பாய் விரித்துக் காய வைத்தது. என் கையில் தந்தாள். கண் நிறைந்திருந்தது.

தராசு சரி என்றது. பெட்டிகள் போயின.

வாசலுக்கு ஓடி அண்ணனிடம் பையை நீட்டினேன். அவர் ஒரு துண்டை எடுத்தார். ஷீட் பார்ப்பது போல வெளிச்சத்தில் பிடித்தார். ஒடித்தார். டப் என்றது.

"நல்ல காய்ச்சல் மக்கா. இதுக்குக் கழிக்க வேண்டாம்."

மகாராசன்... கடையிலும் கழிக்காமல் சொல்லியிருந்தால் இது எங்களோடு வந்திருக்கும்.

ஷீபா வேலையில் சேர்ந்துவிட்டாள். அனு பள்ளிக்கூடம் போகிறாள். எனக்கு எடை கூடிவிட்டதாக அந்த நர்ஸ் சொல்கிறார்.

இந்த ஊரில் தினமும் மழை. நான் ஈரத்துக்குக் கழித்துக்கொண்டேன்.