பெயரை எழுதச் சொன்னவர்

கதவு திறக்கும்வரை அவர் அழைப்புமணியிலிருந்து விரலை எடுக்கமாட்டார். கனடாவில், மொன்ட்ரியால்-நோரில் எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தவர். ஒல்லியானவர், வீட்டுக்குள்ளும் கழுத்துவரை பொத்தான் பூட்டிய கனத்த மேலங்கியோடுதான் நிற்பார்.

இலங்கையிலிருந்து முன்னமே வந்து குடியுரிமை பெற்ற சிலரில் ஒருவரான அவர், மாகாணத் தேர்தலில் சுயேச்சையாக நிற்க மனுக் கொடுத்தார். முன்மொழிந்து கையெழுத்திட்ட அயலவர்களில் பெரும்பாலோர் வாக்குரிமை இல்லாத அகதிகள் என்று மனுவை நிராகரித்துவிட்டார்கள். அவர் ஓயவில்லை. வாக்குச்சீட்டில் தன் பெயரை எழுதும்படி வீடுவீடாகக் கேட்டார்.

எங்கள் வீட்டில் வாக்குள்ளவர் அத்தான் மட்டுமே.

“சின்னம் இருந்தா அதுக்கு நேர புள்ளடி போடலாம், அண்ணை. உங்கட நீட்டுப் பேரைப் பிரெஞ்சில எழுத விடிஞ்சுபோம்,” என்று சிரித்தார் அத்தான்.

“தமிழில எழுதும்.”

“செல்லாத வாக்கெண்டு எறிவாங்கள்.”

“எண்ணிப்போட்டுத்தானே எறியவேணும்? வாக்குக் கேட்டு ஒருத்தன் இந்தப் படியேறினவனோ? வாக்கில்லாத சனமெண்டு கீழயே திரும்பிப் போறாங்கள். ஹீற்றர் இல்லாமல் பிள்ளையள் விறைக்குதுகள், வீட்டுக்காரனைக் கேக்க ஒரு நாய் இல்லை!”

“எனக்கும் வாக்கில்லை, அண்ணை,” என்றேன்.

“தெரியும். உமக்குக் குளிரேல்லையோ?”

அவர் அடுத்த வீட்டு மணியில் விரலை வைத்துவிட்டார்.

தேர்தல் முடிந்த மறுநாள், வென்றவரின் படத்துக்குக் கீழே, செல்லாத வாக்குகளின் எண்ணிக்கையைப் பத்திரிகை ஒரு வரியில் போட்டிருந்தது. அவற்றில் எத்தனை தமிழில் இருந்தன என்று அதில் இல்லை. எங்கள் ஹீற்றர் அன்றும் சூடாகவில்லை. அத்தான் பத்திரிகையை மடித்துவைத்துவிட்டு, “எழுத்துப்பிழை இல்லாமல் எழுதினனான்,” என்றார்.