எனக்கு ஒதுக்கிய பிரெஞ்சு

நாகர்கோவிலில் விடுதியில் தங்கி நான் நாலாம் ஃபாரம் படித்தபோது, தமிழும் ஆங்கிலமும் போக மூன்றாவதாக ஒரு மொழி எடுக்கச் சொன்னார்கள். சமஸ்கிருதம், இல்லையென்றால் பிரெஞ்சு. எனக்கு ஆயுர்வேத வைத்தியம் படிக்க ஆசை. திருவனந்தபுரத்தில் அதைப் படிக்கச் சமஸ்கிருதம் வேண்டும் என்று விசாரித்து வைத்திருந்தேன். அதையே எழுதிக் கொடுத்தேன். மறுநாள் ஒட்டிய பட்டியலில் என் பெயருக்கு நேரே பிரெஞ்சு என்றிருந்தது.

"சமஸ்கிருதத்துல எடமில்ல," என்றார் குமாஸ்தா.

நேரே போய் அந்த வகுப்பின் சன்னலில் எட்டிப் பார்த்தேன். பதினோரு பெண்கள் இருந்தார்கள். பின்னால் ஐந்து பெஞ்சு காலியாகக் கிடந்தது.

அப்பாவுக்குச் சொல்லி அனுப்பினேன். இராஜாக்கமங்கலத்திலிருந்து மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார். அய்யாவழி மார்க்கத்துக்காரர், மானமென்று கட்டிய தலைப்பாகையை யார் முன்னாலும் அவிழ்க்க மாட்டார். அதோடேயே தலைமையாசிரியை முன் நின்றார். அந்த அம்மாள் மழுப்பவில்லை. எங்கள் சாதிப் பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்தால் தான் வேலையை விட்டுவிடுவதாகச் சமஸ்கிருதப் பண்டிதர் சொல்லியிருக்கிறாராம்.

"அவர் போனா வேற பண்டிதர் கிடைக்க மாட்டார்," என்றார்.

"எனக்க மக போனா வேற பிள்ள கிடைக்கும். அப்பிடித்தானே?" என்றார் அப்பா.

"பிரெஞ்சு என்ன லேசுப்பட்ட மொழியா? சந்தோஷப்படுங்க."

வீட்டுக்கு வா என்று அப்பா சொல்லவில்லை. வெளியே வந்து, "படி மக்கா. எது தந்தாலும் படி," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பிரெஞ்சு வகுப்பில் நாங்கள் நான்கு பேர். நாலு பேருமே சமஸ்கிருதம் கேட்டு மறுக்கப்பட்டவர்கள். கோட்டாற்று வியாபாரி ஒருவரின் மகள் என் பக்கத்தில் இருந்தாள். பாடப் புத்தகம் முழுக்கப் பனியும் பாலாடைக்கட்டியும். மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்று ஆசிரியை சொன்னதும் அவள் என் காதில், "ஏட்டி, இந்த மேசைய யாருக்குக் கெட்டிக் கொடுக்கப் போறாவ?" என்றாள். சிரித்தோம். சிரித்து முடித்ததும் எனக்கு மறுபடி ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்திலேயே படித்தேன். வினைச்சொற்களைக் குளிக்கும்போதும் சொல்லிப் பார்த்தேன். இரண்டு வருடமும் நான்தான் முதல்.

ஆறாம் ஃபாரத்தில் பள்ளி ஆண்டு விழாவுக்குக் கல்வித் துறையிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்தார். என்னை மேடையேற்றிப் பிரெஞ்சில் பேசவிட்டார்கள். பிசகில்லாமல் பேசினேன். அவருக்கு ஒரே பூரிப்பு.

"கடற்கரைப் பக்கத்துப் பெண் பிரெஞ்சு பேசுகிறாள்! இதில் உனக்கு எப்படியம்மா ஆசை வந்தது?"

தலைமையாசிரியை சிரித்தபடி என்னைப் பார்த்தார். நன்றி சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார்.

"ஆசை வரல்ல, சார். சமஸ்கிருத வகுப்புல எங்க சாதிப் பிள்ளைகள உட்கார விடல்ல. அதனால படிச்சேன்."

பண்டிதர் முன்வரிசையில்தான் இருந்தார். மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார். அதிகாரி தொண்டையைச் செருமி, அடுத்த நிகழ்ச்சி என்ன என்று கேட்டார்.

மறுநாள் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, பள்ளியின் மானத்தை வாங்கிவிட்டதாகக் கத்தினார். அவருடைய பள்ளி என் மானத்தை வாங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. மன்னிப்புக் கடிதம் எழுதச் சொன்னார். எழுதவில்லை. இறுதிப் பரீட்சை நெருங்கியதால் அப்படியே விட்டுவிட்டார்கள்.

அடுத்த வருடம் எங்கள் ஆட்களில் இரண்டு பெண்களைச் சமஸ்கிருத வகுப்பில் சேர்த்தார்கள். பண்டிதர் வேலையை விடவில்லை. விடுவேன் என்றதெல்லாம் வெறும் மிரட்டல்! அதற்குப் பயந்துதான் என் வைத்தியப் படிப்பைத் தூக்கி எறிந்திருக்கிறார்கள்.

நான் ஆரம்பப் பள்ளியில் வாத்திச்சியானேன். "உங்களுக்குப் பிரெஞ்சு தெரியுமாமே!" என்று இன்றும் யாராவது வாயைப் பிளந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தெரியும். நன்றாகவே தெரியும். அதை நான் கேட்கவில்லை.